கலாநிதி பதியுதீன் மஹ்மூத்: நாம் மறந்துபோன மூன்றாவது பணி

கலகெதரையில் எங்கள் பழைய வீட்டுச் சமையலறையில் ஒரு சிறிய வாங்கு இருக்கிறது. பலா மரத்தில் செய்தது. ஆணி அடிக்காமல் கால்களைத் துளைகளில் இறுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். உம்மா இன்றும் அதில் அமர்ந்துதான் தேங்காய் துருவுகிறார். அது எந்தக் கடையிலும் வாங்கியதல்ல. எனது சாச்சா 1976ஆம் ஆண்டு தரம் 9இல் படித்தபோது பாடசாலையிலேயே செய்து தலையில் சுமந்துகொண்டு வந்தது. அவர் தச்சுத் தொழிலுக்குப் போகவில்லை, அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றார். ஆனால் வீட்டில் ஒரு கதவு இழுபட்டாலும் ஒரு மின்குமிழ் எரியாவிட்டாலும் பாஸ் ஒருவரைத் தேடி அவர் ஒருநாளும் போனதில்லை.

சாச்சா அந்த வாங்கைச் செய்த பாடத்தின் பெயர் தொழில் முன்னிலைப் பாடம். அதை நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக்கிய கல்வி அமைச்சர் மர்ஹூம் கலாநிதி பதியுதீன் மஹ்மூத் அவர்கள்.

அன்னாரின் பெயரை அறியாதவர் நமது சமூகத்தில் குறைவு. 1904 ஜூனில் பிறந்த அவர் 1997 ஜூனில் மறைந்தார். ஜூன் வந்தால் நினைவுக் கட்டுரைகளும் வரும். அவற்றில் பெரும்பாலும் இரண்டு விடயங்களே பேசப்படும். முஸ்லிம் இளைஞர் யுவதிகளுக்கு அவர் வழங்கிய ஆசிரியர் நியமனங்களைச் சொல்லி ஒரு சாரார் புகழ்வார்கள். பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவந்த தரப்படுத்தலைச் சொல்லி இன்னொரு சாரார் குறை கூறுவார்கள். இரண்டும் வரலாறுதான். ஆனால் அவர் செய்ய முயன்ற மூன்றாவது காரியம் ஒன்று உண்டு. வகுப்பறையில் தினமும் சோக்குக் கட்டியுடன் நிற்கும் எனக்கு அதுவே மிக முக்கியமாகத் தெரிகிறது. அதை யாரும் பேசுவதில்லை.

பதியுதீன் மஹ்மூத் தென்னிலங்கையின் மாத்தறையில் பிறந்தவர். அக்காலத்தில் நமது சமூகத்தில் ஆங்கிலக் கல்வி கற்றவர்களே சொற்பம். வியாபாரக் குடும்பங்களின் பிள்ளைகள் எழுத வாசிக்கவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்தவுடன் கடைக்குப் போய்விடுவார்கள். அந்தச் சூழலிலிருந்து அவர் உயர்கல்விக்காக இந்தியாவின் அலிகாருக்குச் சென்றார். ஸேர் ஸெய்யித் அஹ்மத் கான் 1875இல் ஆரம்பித்த கல்விக்கூடம், 1920இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த இடம் அது. நவீன அறிவும் மார்க்கமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்த இடமும் அதுதான்.

கல்வி பற்றிய புதிய சிந்தனைகள் அன்றைய இந்தியாவில் வேகமாகப் பரவின. அதே அலிகாரில் படித்த டாக்டர் ஸாகிர் ஹுஸைன் தலைமையிலான குழுவே 1937இல் காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டத்தை வரைந்தது. ஒரு கைத்தொழிலை மையமாக வைத்து மொழியையும் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கற்பிக்கலாம் என்பதே அத்திட்டத்தின் உள்ளடக்கம். அந்த ஸாகிர் ஹுஸைன் 1967இல் இந்தியாவின் ஜனாதிபதியானார். கையால் வேலை செய்வதைப் பாடசாலைக்குள் கொண்டுவருவது தாழ்ந்த சிந்தனை அல்ல, படித்த பெரியவர்களே அதற்காக உழைத்தார்கள் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

நாடு திரும்பிய பதியுதீன் மஹ்மூத் அவர்களை மலையக மக்கள் முதலில் அறிந்தது அரசியல்வாதியாக அல்ல, அதிபராகத்தான். 1940களில் கொழும்பு ஸாஹிராவின் அதிபர் ரி.பி. ஜாயா அவர்கள் அதன் கிளைகளை நாட்டின் பல ஊர்களிலும் ஆரம்பித்தார். அவற்றில் ஒன்று கம்பளை ஸாஹிரா. அதன் முதல் அதிபர் பதியுதீன் மஹ்மூத். கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி பக்கத்துப் பிள்ளைகள் கொழும்புக்குப் போகாமலே இடைநிலைக் கல்வி பெற அக்கல்லூரி வழிசெய்தது. பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ள இது முக்கியம். கல்வி அமைச்சின் கதிரையில் அமர்ந்தபோது, ஒரு கிராமத்துப் பாடசாலையில் எத்தனை மேசை கதிரை குறைவு என்பதைக் கண்ணால் கண்ட மனிதராகவே அவர் அமர்ந்தார்.

1951இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியை ஆரம்பித்தபோது அதன் ஸ்தாபகர்களில் ஒருவராக இவரும் இருந்தார். 1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானதும் செனட் சபை உறுப்பினராகி, கல்வி அமைச்சரானார். அப்பதவியை வகித்த முதலாவது முஸ்லிம் அவரே. பதவியேற்ற சில மாதங்களுக்குள் அரசாங்க உதவி பெற்று இயங்கிய 2,000க்கும் மேற்பட்ட பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. கத்தோலிக்க மக்கள் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கியிருந்து எதிர்ப்புத் தெரிவித்த கொந்தளிப்பான காலம் அது. இலவசக் கல்வி உண்மையில் எல்லோருக்கும் போய்ச் சேர அது அவசியமென்று அரசு கருதியது. மார்க்க நிறுவனங்கள் வளர்த்தெடுத்த பாடசாலைகள் தமது தனித்தன்மையை இழந்தன என்று வாதிடுவோர் இன்றும் உள்ளனர்.

1963இல் சுகாதார அமைச்சுக்கு மாற்றப்பட்டார். 1965இல் ஆட்சி மாறியது. 1970இல் சிறிமாவோ மீண்டும் வென்றபோது, பதியுதீன் மஹ்மூத் மறுபடியும் கல்வி அமைச்சரானார். இம்முறை ஏழு ஆண்டுகள்.

பதவியேற்று ஓராண்டு முடியுமுன் 1971 ஏப்ரல் கிளர்ச்சி வெடித்தது. ஆயுதம் தூக்கியவர்களில் அதிகமானோர் கிராமங்களில் பிறந்து, இலவசக் கல்வியில் படித்து, சான்றிதழுடன் வேலையின்றி இருந்த சிங்கள இளைஞர்கள். அன்று தொழில் செய்யக்கூடியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லை. அதே ஆண்டில் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் சார்பில் பேராசிரியர் டட்லி சீயர்ஸ் தலைமையிலான குழு இலங்கை வந்து ஆராய்ந்தது. படித்தவர்கள் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டில் இருக்கும் வேலைக்கும் பொருத்தமில்லை என்பதே அதன் முக்கியக் கண்டுபிடிப்பு. எல்லோரும் மேசைக்கு முன்னால் அமரும் உத்தியோகத்தையே எதிர்பார்த்தார்கள். பாடசாலையும் அதற்கு மட்டுமே அவர்களைத் தயார்செய்தது.

இந்தப் பின்னணியில்தான் 1972 கல்விச் சீர்திருத்தம் வந்தது. பாடசாலையில் சேரும் வயது ஐந்திலிருந்து ஆறாக மாறியது. தரம் 6 முதல் 9 வரை நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்திட்டம். அதற்கு முன் பெரும்பாலான கிராமத்துப் பாடசாலைகளில் விஞ்ஞானம் என்ற பாடமே இருக்கவில்லை, நகரத்துப் பெரிய கல்லூரிகளில் படித்தவர்களுக்கே அது கிடைத்தது. 1972க்குப் பின் கலகெதரைப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே விஞ்ஞானத்தைப் படிக்க வேண்டியதாயிற்று. க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பதிலாக, தரம் 9 முடிவில் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சை வந்தது. மக்கள் அதை என்.சி.ஜீ.ஈ. என்றே அழைத்தார்கள். முதலாவது பரீட்சை 1975இல் நடைபெற்றது.

அந்தப் பாடத்திட்டத்தில் கணிதம், விஞ்ஞானம், மொழி, சமயம் ஆகியவற்றுக்குச் சமமாக, தொழில் முன்னிலைப் பாடம் இரண்டு பாடங்களாக இடம்பெற்றது. விரும்பினால் படிக்கலாம் என்ற நிலை இருக்கவில்லை. வைத்தியரின் மகனும் விவசாயியின் மகளும் படித்தே ஆக வேண்டும். மரவேலை, உலோக வேலை, மட்பாண்டம், நெசவு, விவசாயம், மீன்பிடி என்று பல தொழில்கள் பாடமாயின. ஆசிரியர்கள் தமது ஊரில் என்ன தொழில்கள் நடக்கின்றன என்று தேடிப் பார்த்து, அவற்றிலிருந்து பாடத்தை அமைக்க வேண்டும். ஊரிலுள்ள கைவினைஞர்களின் உதவியையும் பெறலாம். மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏன் ஒரு பக்கமாகச் சீவினால் வழவழப்பாகவும் மறுபக்கமாகச் சீவினால் பிசிறாகவும் வருகிறது, வரைந்த அளவும் வெட்டிய அளவும் ஏன் ஒத்துவரவில்லை என்பவற்றை மாணவன் தானே செய்து காண்பதுதான் பாடம். ஒரு தொழிலாளியை உருவாக்குவது அதன் முதல் நோக்கமல்ல. தொழிலையும் தொழில் செய்பவரையும் மதிக்கத் தெரிந்த ஒரு மாணவனை உருவாக்குவதே நோக்கம்.

இது வானத்திலிருந்து விழுந்த யோசனை அல்ல. கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தெஸ்ஸவில் 1930களிலேயே கிராமியக் கல்வித் திட்டமொன்று பரீட்சிக்கப்பட்டது. சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையும் செயன்முறைப் பாடசாலைகள் என்று ஒரு வகையைப் பரிந்துரைத்திருந்தது. ஆனால் கன்னங்கரா அறிக்கையில் செயன்முறைக் கல்வி ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு மட்டுமே. பதியுதீன் மஹ்மூத் அதை எல்லோருக்கும் உரியதாக்கினார். இந்த வேறுபாடு சிறியதல்ல.

தமிழ்நாட்டில் 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிராமத்துத் தொடக்கப் பள்ளி மாணவர்கள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் ஈடுபட வேண்டும் என்றது அது. குலத்தொழிலுக்கே பிள்ளையைத் திருப்பி அனுப்பும் சதி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் எதிர்த்தனர். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். இலங்கைத் திட்டத்தில் பெற்றோரின் தொழிலைப் பிள்ளை செய்ய வேண்டும் என்று இருக்கவில்லை. ஆனாலும் கடலோரத்தில் மீன்பிடியும் கிராமத்தில் விவசாயமும் பாடமானபோது அதே ஐயம் இங்கும் எழுந்தது. மீனவரின் மகன் மீன்பிடியைப் பாடசாலைக்கு வந்தா படிக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டனர். அது நியாயமான கேள்வி. பிள்ளை தன் ஊரில் காணாத ஒன்றைக் கற்கவே பாடசாலைக்கு வருகிறது. அந்தக் கேள்விக்குத் திட்டம் திருப்தியான பதிலை வைத்திருக்கவில்லை.

அதைவிடப் பெரிய குறைபாடுகளும் இருந்தன. 1973இல் உலக எரிபொருள் நெருக்கடி வந்தது. நாட்டில் பாணுக்கும் அரிசிக்குமே வரிசை. இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்ட அந்நாட்களில் ஆயிரக்கணக்கான பாடசாலைகளுக்கு வாளும் உளியும் எங்கிருந்து வரும்? ஒரே நேரத்தில் நாடு முழுவதற்கும் பாடம் அறிமுகமானது, ஆனால் அதைக் கற்பிக்கப் பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் இருக்கவில்லை. மொழி ஆசிரியரும் சமூகக்கல்வி ஆசிரியரும் கையில் கிடைத்த வழிகாட்டியை வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். மரவேலையைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடசாலைகள் பல. சாச்சாவின் பாடசாலையில் வாங்கு உருவானதென்றால், அங்கே மரம் தெரிந்த ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதே காரணம். திட்டத்தின் வெற்றி, அப்படியொருவர் அமையும் அதிர்ஷ்டத்தில் தங்கியிருந்தது.

ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் இந்த வரலாறு எங்களுக்குப் பரீட்சைக் குறிப்பாகவே வந்தது. 1972 சீர்திருத்தம் தோல்வியடைந்தமைக்கான காரணங்கள் ஐந்து எழுதுக. நானும் மனனம் செய்து எழுதிப் புள்ளி வாங்கினேன். அந்த ஐந்து காரணங்களும் ஒருநாள் எனது வகுப்பறைக்குள்ளேயே வந்து நிற்கும் என்று அன்று நினைக்கவில்லை.

அவரது வாழ்க்கைக் கதையின் மற்றப் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரித் தரப்படுத்தல் கொண்டுவரப்பட்டது. தமிழ் மொழி மூலம் தோற்றிய மாணவர்கள் கூடுதல் புள்ளி பெற வேண்டியிருந்தது. தமிழில் படித்த முஸ்லிம் மாணவர்களும் அதில் அடக்கம். பின்னர் மாவட்ட அடிப்படை வந்தபோது பின்தங்கிய மாவட்டங்கள் பயன்பெற்றன. ஆனால் யாழ்ப்பாணத்து இளைஞர்களின் மனதில் விழுந்த காயம் ஆறவில்லை. 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டதும் அதே அமைச்சரின் காலத்தில்தான். ஒரு மனிதரின் கணக்கில் இவை எல்லாமே எழுதப்பட வேண்டும்.

1977 பொதுத் தேர்தலில் மட்டக்களப்பில் போட்டியிட்ட பதியுதீன் மஹ்மூத் தோல்வியடைந்தார். அவரது கட்சியும் படுதோல்வி கண்டது. புதிய அரசாங்கம் என்.சி.ஜீ.ஈ. பரீட்சையை நீக்கி, சாதாரண தரத்தை மீண்டும் கொண்டுவந்தது. தொழில் முன்னிலைப் பாடமும் அத்துடன் போயிற்று. தரம் 6இல் அதை முதலில் தொடங்கிய மாணவர்கள் பாடசாலையை விட்டு வெளியேறிச் சில ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அதன் பலன் என்ன என்று அளந்து பார்க்க யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. அதற்குப் பின் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, தொண்ணூற்று மூன்றை நெருங்கிய வயதில் அவர் காலமானார்.

ஆனால் யோசனை சாகவில்லை. 1980களில் அது வாழ்க்கைத் திறன் என்ற பெயரில் வந்தது. பின்னர் செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று பெயர் மாறியது. இன்று சாதாரண தரத்தில் வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும், வடிவமைப்பும் பொறிமுறைத் தொழினுட்பவியலும், வடிவமைப்பும் மின் இலத்திரனியல் தொழினுட்பவியலும் என்று மூன்று பாடங்கள் உள்ளன. 2013இல் உயர் தரத்தில் தொழினுட்பத் துறை ஆரம்பிக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் தொழினுட்பப் பட்டம் பெறும் வழியும் திறந்திருக்கிறது. பதியுதீன் மஹ்மூத் காலத்துப் பெற்றோருக்கு இருந்த பயம், அதாவது இந்தப் பாடம் பிள்ளையை ஒரு முட்டுச்சந்தில் கொண்டுபோய் விடும் என்ற பயம், இன்று காகிதத்திலாவது நீங்கிவிட்டது.

காகிதத்துக்கு வெளியே என்ன நடக்கிறது? நான் முன்பு கற்பித்த ஒரு பாடசாலையில் பற்றாசுக் கோல்களும் மல்டிமீட்டர்களும் பெட்டி திறக்காமலே அலுமாரியில் பூட்டப்பட்டிருந்தன. பிள்ளைகள் உடைத்துவிட்டால் கணக்காய்வுக்கு யார் பதில் சொல்வது என்பது காரணம். சீவுளியின் படத்தை மாணவர்கள் அழகாக வரைந்து பாகங்களைக் குறித்திருந்தார்கள், ஒருவரும் அதைத் தொட்டதில்லை. பாடத்தைத் தெரிவுசெய்யும் நாளில் கெட்டிக்கார மாணவர்கள் வேறு பக்கம் அனுப்பப்படுவார்கள். புள்ளி குறைந்தவர்களுக்கென்று ஒதுக்கப்படுவது தொழினுட்பப் பாடம். மருத்துவரோ பொறியியலாளரோ ஆகாவிட்டால் கடை இருக்கிறது என்று நமது பெற்றோர் நினைக்கிறார்கள். எல்லோருக்கும் கடை இல்லை. அதனால்தான் பதினொரு வருடம் படித்த பிள்ளை, ஒரு தொழிலும் பழகாமல், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் ஒன்றும் இல்லாமல் மத்திய கிழக்குக்கு விமானம் ஏறுகிறது. அங்கே அதே வேலையைச் சான்றிதழோடு செய்கிறவர் கூடுதலாகச் சம்பாதிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இவ்வளவும் நமது ஊரைச் சுற்றி நடப்பதுதான் வேதனை. கலகெதரையிலிருந்து சிறிது தூரம் போனால் எம்பெக்க தேவாலயத்தின் மரச்செதுக்கல்களைக் காணலாம். பிலிமத்தலாவைப் பக்கத்தில் பித்தளை வேலை செய்யும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. கைத்திறனுக்குப் பெயர்பெற்ற ஒரு மாவட்டத்தில் வாழ்ந்துகொண்டு, நமது பிள்ளைகளுக்கு உளியைப் படத்தில் காட்டுகிறோம்.

அரசாங்கம் வரும், சீர்திருத்தம் வரும், போகும். ஆனால் சில காரியங்களுக்கு அமைச்சரைக் காத்திருக்கத் தேவையில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஆய்வுகூட அலுமாரியைத் திறந்து காட்டும்படி பெற்றோர் கேட்கலாம். பழைய மாணவர் சங்கங்கள் வரவேற்பு வளைவு கட்டும் பணத்தில் ஒரு பகுதியை ஒரு வேலை மேசைக்கும் பத்து வாளுக்கும் ஒதுக்கலாம். ஊரிலுள்ள தச்சு பாஸையும் மின் வேலை செய்பவரையும் அதிபரின் அனுமதியோடு மாதத்தில் ஒருநாள் வகுப்புக்கு அழைக்கலாம். அவருக்கும் ஆசிரியருக்கு இடும் அதே கதிரையை இட வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை தொழினுட்பப் பாடத்தைக் கேட்டால், நாங்கள் ஆசிரியர்கள் அதைத் திருப்பி அனுப்பாமல் இருக்கலாம். இதில் கடைசிக் காரியத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. இருந்தும் அதுதான் மிகக் கடினமானது.

பதியுதீன் மஹ்மூத் அவர்களின் திட்டத்தில் அவசரம் இருந்தது, ஆயத்தம் போதவில்லை. ஆனால் எல்லாப் பிள்ளையும் கையால் ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்ற அடிப்படை பிழையல்ல. எங்கள் வீட்டு வாங்கு ஐம்பது வருடமாக ஆடாமல் நிற்கிறது. அதைச் செய்த பாடம் ஆறு வருடம்கூட நிற்கவில்லை. அன்னாரை நினைவுகூரும் கூட்டங்களில் இந்தக் கணக்கையும் ஒருமுறை பேசுவோமாக.

அல்லாஹ் அன்னாரின் நற்பணிகளைப் பொருந்திக்கொண்டு, பிழைகளைப் பொறுத்தருள்வானாக.